யூஹே எழுதாத பாட்டு

ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே, பழக்கூடை விற்கும் கடையை ஒட்டி ஒரு அச்சுக்கடை இருந்தது. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, விசிட்டிங் கார்டு என்று பலகையில் எழுதியிருந்தார்கள். பலகையில் எழுதாத வேலை ஒன்றும் அங்கே நடந்தது. யூஹே தன் அம்மாவோடு உள்ளே போய் அப்பாவின் ஸ்கேன் அறிக்கையை மேசைமேல் வைத்தாள். கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அதைப் படித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எந்த நோய் போடணும்?" என்றார்.

அம்மா அழுது முடித்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

"ஈரல்னா ரத்தநாளக் கட்டின்னு போடலாம்மா. இங்க முக்காவாசிப் பேர் அதான் போடுறாங்க. கேன்சர் இல்ல, ஆபத்தும் இல்ல, ஆனா மருந்து சாப்பிட்டே ஆகணும். பெரியவங்க நம்பிடுவாங்க."

"அதையே போடுங்க" என்றாள் யூஹே.

"அளவு? ரொம்பச் சின்னதாப் போட்டா இதுக்கு எதுக்கு இத்தனை மாத்திரைன்னு கேப்பார். ரெண்டு சென்டிமீட்டர்னு போடுறேன், சரியா இருக்கும்."

இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை. இந்த ஹுவாங்ஷி ஊரில் புற்றுநோய் வந்தவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உங்களுக்குப் புற்றுநோய் என்று சொன்ன குடும்பம் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். டாக்டரே நோயாளியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு வீட்டாரோடுதான் பேசுவார். சொல்லிவிட்டால் பாதி உயிர் அன்றைக்கே போய்விடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஆகவே பொய் சொல்வதுதான் பாசம். உண்மை சொல்கிறவன் பெற்றவர் சாவுக்கு அவசரப்படுகிறவன். யூஹேயின் அப்பாவுக்கு டாக்டர் வைத்த கெடு இதுதான்: புதுவருஷம் பார்ப்பார், ஏப்ரலில் முன்னோர் கல்லறைகளைக் கூட்டிக் கும்பிடும் நாள்வரை தாங்கினால் பெரிய விஷயம்.

அப்பா ஜின் பாவ்ஷெங் சிமெண்ட் ஆலையின் சூளையில் முப்பத்தோரு வருஷம் வெந்தவர். போலி அறிக்கையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வரிவரியாகப் படித்தார். படித்து முடித்ததும் ஜெயித்தவர் மாதிரி மனைவியைப் பார்த்தார்.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன், ஒண்ணும் இல்லன்னு. நீதான் ஒப்பாரி வச்சு ஊரைக் கூட்டினே."

"ஆமா, எனக்குத்தான் புத்தி இல்ல" என்று அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். அன்று முதல் மருந்துப் புட்டி எது வந்தாலும் அதை வெந்நீரில் ஊறப்போட்டு, நகத்தால் சுரண்டி லேபிளை எடுப்பது அவளுடைய வேலையாயிற்று. அது என்ன புட்டி என்று அவர் கேட்டால், குளிரில் ஒட்டுப்பசை விட்டுப்போச்சு என்பாள்.

யூஹேக்கு வயது முப்பத்தாறு. அவள் பாடகி. பாட்டை அவளே எழுதுவாள், அவளே மெட்டுப் போடுவாள், அவளே பாடுவாள். எந்தக் கம்பெனியிலும் இல்லை, எந்த முதலாளியும் இல்லை. இப்படிப்பட்டவர்களைச் சுதந்திரப் பாடகர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். சுதந்திரம் என்றால் மூட்டையைத் தானே தூக்கிக்கொள்வது. பதிமூன்று வருஷமாகக் கிதாரை முதுகில் மாட்டிக்கொண்டு, கட்டை இருக்கை ரயிலில் ஊர் ஊராகப் போனாள். எண்பது பேர் நின்றால் மூச்சு முட்டுகிற கூடங்களில் பாடினாள். அந்த எண்பதிலும் இருபது பேர் பீர் குடிக்க வந்தவர்கள். சுவரொட்டியை அவளே ஒட்டினாள். மூன்று ஆல்பம் போட்டு, குறுந்தகட்டை அட்டையில் செருகும் வேலையை அம்மாவின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செய்தாள். ஒவ்வொரு ஊரிலும் பாடுவதற்கு முன்னால் பாட்டு வரிகளைக் கலாசார அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு அதிகாரி ஒருமுறை ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு, "இவ்வளவு சோகம் எதற்கு?" என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். அவள் அந்த வரியில் மழையை எடுத்துவிட்டு வெயிலை வைத்தாள், அனுமதி வந்தது.

அப்பாவுக்கு இதெல்லாம் வயிற்றெரிச்சல். வங்கிப் பரீட்சை எழுதச் சொன்னார், அவள் எழுதவில்லை. புதுவருஷ விருந்தில் யாராவது மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், "ஊர் சுத்துறா" என்பார். "பிச்சைக்காரனுக்குக்கூடத் தனக்குன்னு ஒரு மூலை உண்டு, என் பொண்ணுக்கு அதுவும் இல்ல" என்று அவளை வைத்துக்கொண்டே சொல்வார். அவள் பாடிய கூடம் எதற்கும் அவர் ஒருமுறைகூட வந்ததில்லை. அவளும் கூப்பிடுவதை எட்டாவது வருஷத்தில் விட்டுவிட்டாள்.

அப்பா நோயாளியான பிறகு வாரம் இரண்டு முறை போன் செய்தாள்.

"கட்டி எப்படி இருக்குப்பா?"

"ரெண்டு சென்டிமீட்டர் கட்டிக்கு இத்தனை விசாரணையா? உன் வேலையைப் பாரு. ஓ, உனக்குத்தான் வேலையே இல்லையே!"

அவர் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். போனை வைத்ததும் வாடகை அறையின் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு பாட்டு அப்படித்தான் வந்தது. எழுதி முடிக்கப் பதினொரு வாரம் ஆயிற்று. சூளைத் தூசி படிந்த அப்பாவின் செருப்பு அதில் இருந்தது, அம்மா சுரண்டிய லேபிள் இருந்தது. "எந்த நோய் போடணும்?" என்று அச்சுக்கடைக்காரர் கேட்ட கேள்வி ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னாலும் திரும்பத் திரும்ப வந்தது. பதிமூன்று வருஷத்தில் அவள் எழுதியதில் இதுதான் நிஜமான பாட்டு. இதற்கு முன்னால் எழுதியதெல்லாம் இதற்காகக் கையைப் பழக்கியதுதான் என்று அவளுக்கே தெரிந்தது.

ஊரில் பாட முடியாது. வெகு தொலைவில் இருக்கும் ஊர்களில் மட்டும் பாடினாள். பாடும் முன்னால், "இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் போனைக் கீழ வச்சிடுங்க, படம் எடுக்காதீங்க" என்று கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொள்வாள். ஆச்சரியம், கேட்டார்கள். பீர் குடிக்க வந்தவர்கள்கூடக் கோப்பையைக் கீழே வைத்தார்கள். டிசம்பரில் சாங்ஷா நகரத்துக் கூடம் ஒன்றில் இந்தப் பாட்டு முடிந்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் மூக்கைச் சிந்துகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பெண்தான் மீ. டிவியில் சனிக்கிழமை சாயங்காலம் நாடே பார்க்கும் பாட்டு நிகழ்ச்சியின் இயக்குநர்.

"எங்க நிகழ்ச்சியில பாடுறியா?" என்றாள் மீ. "ஆனா இந்தப் பாட்டைத்தான் பாடணும்."

"வேற எது வேணாலும் பாடுறேன். இது முடியாது."

"உன்கிட்ட வேற நாப்பது பாட்டு இருக்கு, தெரியும். அத்தனையும் கேட்டுட்டேன். நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கிற பாட்டு எங்ககிட்ட மூட்டை மூட்டையா கிடக்கும்மா."

ஜனவரியில் ஒப்பந்தத்தோடு வந்தாள். அதில் இருந்தது இதுதான்: பாட்டு நிகழ்ச்சிக்குச் சொந்தம், பாடகி விலகினால் அதை வேறொருவரைப் பாடவைக்கலாம். யூஹே அந்த வரிகளை ஒழுங்காகப் படிக்கக்கூட இல்லை. அவள் கேட்டது ஒன்றைத்தான்.

"டிவியில எப்ப வரும்?"

"பதிவு மார்ச்ல. ஒளிபரப்பு ஜூலை ரெண்டாவது சனிக்கிழமை." மீ பேனாவை மூடித் திறந்தாள். "அப்பாவுக்கு எவ்வளவு நாள் சொல்லியிருக்காங்க?"

"ஏப்ரல்."

"அப்ப சரியா வரும்" என்றாள் மீ. சொன்ன பிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

யூஹே கையெழுத்துப் போட்டாள். ஜூலைக்குள் அப்பா இறந்துவிடுவார் என்று எண்ணிப் பார்த்துத்தான் போட்டாள். இதை மென்று விழுங்கிச் சொல்வதில் பயனில்லை. அவள் கெட்டவள் இல்லை, அப்பாவின்மேல் உயிரையே வைத்திருந்தாள். ஆனாலும் பதிமூன்று வருஷம் கதவைத் தட்டியவளுக்கு ஒரு கதவு திறந்தது, அந்தக் கதவுக்கும் அப்பாவின் சாவுக்கும் நடுவே மூன்று மாத இடைவெளி இருந்தது. அந்த இடைவெளி போதும் என்று நினைத்தாள்.

மார்ச் மாதப் பதிவில் ஐந்நூறு பேர் அழுதார்கள். கேமரா ஒவ்வொரு கண்ணாகத் தேடிப் போய்ப் படம் பிடித்தது. நடுவர்களில் ஒரு மூத்த பாடகர், "இத்தனை வருஷம் எங்கேம்மா இருந்தே?" என்று கேட்டார். எங்கேயும் போகவில்லை, இங்கேதான் இருந்தேன் என்று சொல்ல வந்தது. மரியாதைக்குத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஏப்ரல் வந்தது, போனது. அப்பா சாகவில்லை.

புதிதாக ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது பிடித்துக்கொண்டது. முதலில் வாந்தி நின்றது. பிறகு தாமரைக் கிழங்கும் விலா எலும்பும் போட்ட சூப்பை ஒரு கிண்ணத்துக்கு இரண்டு கிண்ணமாகக் குடித்தார். மே மாதம் ஏரிக்கரைக்கு நடந்துபோய்ப் பழைய ஆலைக் கூட்டாளிகளோடு சீட்டாடினார், தோற்றார், சண்டை போட்டார். அவரை இன்னும் கொஞ்சம் சந்தோஷப்படுத்தலாம் என்று அம்மா ஒரு காரியம் செய்தாள். மகள் டிவியில் பாடியிருக்கிறாள், ஜூலையில் வரப்போகிறது என்று சொல்லிவிட்டாள். எந்தப் பாட்டு என்று அம்மாவுக்கே தெரியாது.

அன்று சாயங்காலம் அப்பாவே போன் செய்தார். அவராகப் போன் செய்தது யூஹேக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

"ஏண்டி, உங்கம்மா சொல்றது நிஜமா? சனிக்கிழமை வருமே, அந்த நிகழ்ச்சியா?"

"ஆமாப்பா."

"அந்த நிகழ்ச்சியேவா?"

"அதேதான்."

அவர் தொண்டையைச் செருமினார். பிறகு, "வெயில்ல அலையாதே, தொண்டை கட்டிக்கும்" என்றார்.

மறுநாளே குடியிருப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. மீன்கடைக்காரிக்குத் தெரியும், காவல்காரருக்குத் தெரியும். கூட்டாளி க்வாங்கிடம் ஒரு நாளைக்கு நாலு தடவை சொன்னார். "உன் மருமகன் வங்கியிலதான இருக்கான்? அவனை டிவியில காட்டுவாங்களா? கொள்ளை போனாத்தான் காட்டுவாங்க!" என்று கேட்டு க்வாங்கை ஒரு வாரம் பேசவிடாமல் அடித்தார். நரைத்த தலைக்குச் சாயம் பூசிக்கொண்டார்.

ஜூன் கடைசியில் ஸ்கேன் எடுத்தார்கள். யூஹே அப்போது ஜெங்ஜோ ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அழுதுகொண்டே கூப்பிட்டாள்.

"பாதியாயிடுச்சுடி. கட்டி பாதியாச் சுருங்கிடுச்சு. இன்னும் ஒரு வருஷம், ரெண்டு வருஷம்கூட இருக்கலாம்னு டாக்டர் சொல்றார். மனசு தளராமப் பாத்துக்கங்கன்னார். நாம சொல்லாம இருந்ததுதான் பாதி மருந்தாம். கேக்குதா?"

கேட்டது. நல்ல சேதி காதில் விழுந்ததும் யூஹேயின் மனசில் முதலில் எழுந்த சொல் ஜூலை. சந்தோஷம் அதற்குப் பின்னால்தான் வந்தது. எவ்வளவு நேரம் பின்னால் என்று கேட்டால், ஒரு மூச்சு நேரம்தான். அந்த ஒரு மூச்சு நேரத்துக்காக அவள் தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் உணர்ந்தாள். ஏற வேண்டிய ரயிலை விட்டுவிட்டுச் சாங்ஷாவுக்குச் சீட்டு வாங்கினாள்.

மீ தன் மேசையில் அரிசி நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். யூஹே நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"பொழைச்சுக்கிட்டாரா?" என்றாள் மீ. பிறகு தான் கேட்டது தன் காதிலேயே விழுந்ததுபோல் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். "உக்காரு. எங்கப்பாவுக்கும் நாங்க சொல்லல. குடல்ல கேன்சர். கடைசிவரைக்கும் அல்சர்னே நினைச்சுக்கிட்டுப் போனார். அதனாலதான் உன் பாட்டை எடுத்தேன்."

"அப்ப உங்களுக்குப் புரியுது. அதை வெட்டிடுங்க."

"புரியுது. வெட்ட முடியாது. அந்த வாரத்துக்கு முதுகெலும்பே அந்தப் பாட்டுதான். மேல இருக்கிறவங்க எல்லாரும் பாத்துட்டாங்க."

"வரியை மாத்தித் தரேன். அப்பாவுக்குப் பதிலா அம்மான்னு வச்சுக்கலாம். சிமெண்ட் ஆலைக்குப் பதிலாத் தேயிலைத் தோட்டம்."

"மாத்தி, திரும்ப வந்து பாடிடுறியா?"

"பாடுறது நானா இருந்தா அவர் கண்டுபிடிச்சிடுவார். அம்மான்னு பாடினாலும் கண்டுபிடிச்சிடுவார். அவர் ஒண்ணும் அசடு இல்ல."

"அப்ப வேற ஆள் பாடணும். லுவோ யின் இருக்கா. இருபத்திரண்டு வயசு, நல்ல குரல், கையில பாட்டு இல்ல. நாளைக்கே பதிவு பண்ணிடலாம்." மீ தயங்கினாள். "எழுதினவர் பேர் திரையில வரும். உன் பேர்."

"வேண்டாம்."

"யூஹே, இதைக் கேளு. ஒருதரம் எங்க பாட்டுக் குழு பேர்ல பதிவாயிட்டா, பிறகு உன் பேருக்கு மாத்த முடியாது. நாளைக்கு நீயே மேடையில பாடணும்னாலும் எங்ககிட்ட அனுமதி கேக்கணும். நல்லா யோசிச்சுக்க."

"பேர் வேண்டாம்" என்றாள் யூஹே மறுபடி.

பதினொரு வாரத்தில் எழுதியதை இருபது நிமிஷத்தில் ஒரு பால்பாயிண்ட் பேனாவால் கெடுத்தாள். செருப்பிலிருந்து சூளைத் தூசி போயிற்று, தேயிலைத் தழை வந்தது. லேபிள் சுரண்டுகிற வரியை அடித்தாள். வீட்டு அலமாரியில் மொட்டைப் புட்டிகள் வரிசையாக நிற்கின்றன, அப்பா தினமும் பார்க்கிறார். அச்சுக்கடைக் கேள்வியை மட்டும் எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. அப்படி ஒரு கடை இருப்பதே அப்பாவுக்குத் தெரியாது, இருக்கட்டும் என்று விட்டாள்.

சனிக்கிழமை காலையில் ஹுவாங்ஷி வந்து சேர்ந்தாள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு நாற்காலிகளும் வந்திருந்தன. இரண்டு தர்ப்பூசணி தண்ணீர்த் தொட்டியில் மிதந்தன.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். என் பகுதியை வெட்டிட்டாங்க. நான் வரமாட்டேன்."

அப்பா கையில் இருந்த நாற்காலியைக் கீழே வைக்கவில்லை. "எதுக்கு வெட்டினாங்க?"

"நல்லா இல்லையாம்."

அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. பூசிய சாயத்துக்குக் கீழே முகம் சட்டென்று கிழடு தட்டிப்போயிற்று. நாற்காலியை வரிசையில் வைத்துவிட்டு, "கூப்பிட்ட ஆளுங்களை வராதேன்னு சொல்ல முடியாது. வருவாங்க. அவங்ககிட்ட நீயே சொல்லிக்க" என்றார்.

பதினோரு பேர் வந்தார்கள். யூஹே வாசலில் நின்று பதினோரு பேரிடமும் சொன்னாள். க்வாங் மட்டும் சும்மா போகவில்லை.

"வெட்டிட்டாங்களா? அடப்பாவமே! பாவ்ஷெங், என் மருமகனை இன்னும் யாரும் வெட்டலப்பா. நாளைக்கும் ஒன்பது மணிக்கு வங்கிக்குப் போயிடுவான்."

சீட்டுக்கும் சண்டைக்கும் அஞ்சாத அப்பா தர்ப்பூசணித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு டிவியையே பார்த்தார். வந்தவர்கள் கிளம்பவில்லை. பழம் வெட்டியாயிற்று, வறுத்த சூரியகாந்தி விதை தட்டில் இருக்கிறது, பார்த்துவிட்டே போகலாம் என்று உட்கார்ந்தார்கள்.

ஏழாவதாக லுவோ யின் வந்தாள். வெள்ளைக் கவுன், தலையில் ஒற்றைப் பூ. பின்னால் அறுபது பேர் வாத்தியம் வாசித்தார்கள். தேயிலைத் தோட்டத்து அம்மாவைப் பற்றிப் பாடினாள். அவள் குரல் நல்ல குரல், அதில் பொய் சொல்ல முடியாது. விதை கொறிக்கிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. "எந்த நோய் போடணும்?" என்ற வரி முதல் தடவை வந்தபோது சமையலறையில் தண்ணீர்க் குழாய் நின்றது. அம்மா ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். டிவியைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தாள். யூஹே தரையைப் பார்த்தாள்.

பாட்டு முடிந்தபோது அப்பா அழுதுகொண்டிருந்தார். சூளைக்காரர், தம்பி செத்தபோதுகூடக் கல் மாதிரி நின்றவர், கன்னத்தைத் துடைக்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"பாவம்யா அந்தம்மா" என்றார் க்வாங்கிடம். "தனக்கு என்னன்னே தெரியாமச் சாகப் போகுது. பெத்தவகிட்டயே மறைச்சு, காகிதம் அச்சடிச்சு... என்ன ஜனங்கய்யா! என் வீட்ல எவனாவது அப்படிச் செஞ்சிருந்தா, வீட்டையே கொளுத்தியிருப்பேன்."

"உனக்கென்ன, ரெண்டு சென்டிமீட்டர்" என்றார் க்வாங். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. அது என்ன கட்டி என்று அவருக்கும் தெரியும். குடியிருப்பு முழுக்கத் தெரியும். பதினோரு பேரும் பழத்தைப் பார்த்தார்கள்.

"அதைச் சொல்லு. கடவுள் புண்ணியம்" என்று அப்பா மூக்கைச் சிந்தினார்.

எல்லோரும் போன பிறகு அம்மா யூஹேயைக் குளியலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ எழுதினதா?"

யூஹே தலையசைத்தாள்.

"உன் பேர் வரலியே."

"வராதும்மா."

அம்மா அவள் கையைப் பிடித்தாள். லேபிள் சுரண்டித் தேய்ந்த நகங்கள் யூஹேயின் மணிக்கட்டில் அழுத்தின. திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. அவருக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான் என்றாள்.

மறுநாள் காலையில் யூஹே பையைக் கட்டிக்கொண்டிருந்தாள், மத்தியானம் ரயில். அப்பா ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். விடிந்ததிலிருந்து போனைப் பார்த்துப் பார்த்து அந்தப் பாட்டை முழுக்கத் தன் கையால் பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். இரண்டு பக்கம். கடைசி வரிக்குக் கீழே, எழுதியது பாட்டுக் குழு என்பதையும் விடாமல் எழுதியிருந்தார்.

"இதைப் பாத்தியா? ஒரு ஆள் இல்ல, குழுவா உக்காந்து எழுதியிருக்காங்க. நாலு பேர் மூளை சேர்ந்தாத்தான் இப்படி வரும். நீ பதிமூணு வருஷமா ஒத்தையா உக்காந்து கிறுக்கறே. எங்கேர்ந்து வரும்?"

"சரிதான்ப்பா."

"நேத்து க்வாங் முன்னாடி மானம் போச்சு. போகட்டும், விடு. நான் உன்னைத் திட்ட வரல." அவர் நோட்டை அவள் மடியில் வைத்தார். "நீயும் பாடறவதான? இதைக் கத்துக்க. போற ஊர்லல்லாம் இதைப் பாடு, நாலு பேர் கேப்பான். எடு உன் கிதாரை. ஒருதரம் பாடிக் காட்டிட்டுப் போ."

அவர் அவளைப் பாடச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. யூஹே கிதாரை உறையிலிருந்து எடுத்தாள். சுருதி சேர்த்தாள். அப்பாவின் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்து அம்மாவைப் பாடினாள். ஒரு சரணத்தில்கூடப் பழைய வார்த்தை வாயில் வந்துவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் படித்துப் படித்துப் பாடினாள். அழக்கூடாது என்பதிலேயே அவள் உயிர் முழுதும் இருந்தது. அழாமலே முடித்தாள்.

அப்பா தலையை ஆட்டினார்.

"ம்ஹும். அந்தப் பொண்ணு பாடினப்ப தொண்டையை அடைச்சுது. நீ பாடுறப்ப ஒண்ணுமே ஆகல. மரம் மாதிரி பாடுறே." கோபமாகச் சொல்லவில்லை, பரிவாகத்தான் சொன்னார். "உன் மேல தப்பில்லடி. பெத்தவங்க சாகப் போறாங்கன்னு தெரிஞ்சும் வெளிய சொல்ல முடியாம இருக்கறது எப்படின்னு உனக்கு எப்படித் தெரியும்? அனுபவிச்சாத்தான் அது குரல்ல வரும்."

"ஆமாப்பா" என்றாள் யூஹே.

"இன்னொருதரம் பாடு" என்று அப்பா நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்.